ஆறடி மூன்றங்குலத்து ஆட்டக்காரன்

எனக்கு வேலை கிடைத்தது படிப்பால் இல்லை, உயரத்தால். மேலப்புதூர் மாதா கோயில் பக்கம் வந்து சகாயநாதன் வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். நெட்டையன் வீடு என்றால் உடனே கை நீட்டுவார்கள். ஆறடி மூன்றங்குலம். பி.ஏ. இங்கிலீஷ் பேப்பர் இரண்டாவது தடவையும் என்னைக் கைவிட்டிருந்த 1957-ஆம் வருஷம், வீட்டில் இந்த உயரத்தால் பரணிலிருந்து அண்டா இறக்குவதைத் தவிர வேறு பிரயோஜனம் இல்லை என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

அப்போது மன்னார்புரம் பக்கம் ஒரு பெரிய ஆபீஸில் கூடைப்பந்து டீமுக்கு ஆள் எடுத்தார்கள். டீம் மேனேஜர் ஹெட்கிளார்க் சேதுராமன். ஸ்ரீரங்கத்துக்காரர். பளிச்சென்று திருமண், கையில் எப்போதும் குடை. பந்துக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று கேட்கக்கூடியவர். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீர் கூடைப்பந்து ஆடுவீரோ?"

"காலேஜ்ல ஆடியிருக்கேன் சார்."

ஆடியிருந்தேன்தான், ஆள் குறைந்த நாட்களில்.

"பெருமாள் கிருபையிலே இவ்வளவு ஒசரம் வாய்ச்சிருக்கு. ஆடாமப் போனா அபசாரம்" என்றார். என் கூடைப்பந்து வாழ்க்கை அப்படித்தான் தொடங்கியது.

எங்கள் கேப்டன் நஜிமுதீன் பாலக்கரைக்காரன். என் தோள் உயரம்தான் இருப்பான். ஆனால் பந்து அவன் கையில் வளர்த்த நாய்க்குட்டி மாதிரி கூடவே ஓடும். "இத்தாலியில எல்லாம் பந்து ஆடுறதுக்கே சம்பளமாம், சகாயம்" என்று ஒருநாள் சொன்னான். நமக்கு ஃபைல் கட்டுவதற்குச் சம்பளம், பந்து இனாம். என் விஷயத்தில் ஆபீஸுக்கு இரண்டுமே நஷ்டம்.

முதல் இரண்டு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்காருவதிலும் சிக்கல். என் முழங்கால் கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் நீண்டுவிடும். ரெஃப்ரி அவ்வப்போது வந்து காலை மடக்கச் சொல்வார். அந்த அளவுக்கு ஆட்டத்தில் என் பங்கு இருந்தது.

1959 கோடையில் ஸ்ரீரங்கத்தில் ஒரு டோர்னமென்ட். தஞ்சாவூர் டீமோடு ஃபைனல். முடியப்போகிற நேரத்தில் நாங்கள் ஒரு பாயிண்ட் முன்னால் இருந்தோம். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் ஃபவுலில் வெளியேற, வேறு வழியில்லாமல் என்னை இறக்கினார்கள். பாதி ஆட்டத்துக்கு மேல் இரண்டு டீமும் பக்கம் மாறும் என்பது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் மட்டும் தெரியவில்லை.

எங்கிருந்தோ எகிறிய பந்து நேராக என் கையில் வந்து விழுந்தது. எதிரே கூடை. தஞ்சாவூர்க்காரர்கள் ஒருவரும் மறிக்கவில்லை. நம் உயரத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கே கூச்சமாக இருந்தது. எம்பிப் போட்டேன். வளையத்தில்கூடப் படாமல் பந்து வலைக்குள் இறங்கியது.

நஜிமுதீன் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். தஞ்சாவூர்க்காரர்கள் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். ஒரு பாயிண்டில் தோற்றோம்.

எங்கள் பக்கத்தில் கைதட்டியவர் சேதுராமன் ஒருவர்தான்.

"ரொம்ப லட்சணமாப் போட்டீர்."

"சார், அது நம்ம கூடை சார். நாம காப்பாத்த வேண்டியது."

"கூடையிலே என்னய்யா நம்மது, அவாளது? விழுந்துதோல்லியோ?"

ஸ்கோர் எழுதும் மேஜையில் ஒரு பெண் இருந்தாள். பெயர் அமலராணி. கான்வென்ட் ஒன்றில் விளையாட்டு டீச்சர். நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நழுவும்போது கூப்பிட்டாள்.

"சார், அந்த ரெண்டு பாயிண்ட் உங்க பேர்ல வராதுங்க. அவங்க கேப்டன் பேர்லதான் எழுதணும். ரூல் அப்படி."

நான் போட்ட முதல் கூடையும் என் பேரில் இல்லை. என் முகம் போன போக்கைப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது.

"ஷாட் நல்லாத்தாங்க இருந்துச்சு. கையெல்லாம் சரியா வந்துச்சு. திசைதான் தப்பு" என்றாள்.

அன்றைக்கு எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் இரண்டு பேர். அதில் விஷயம் தெரிந்தவள் இவள் ஒருத்திதான். அடுத்த வருஷம் எங்கள் மாதா கோயில் ஆட்கள் வழியாக அவளுக்கும் எனக்கும் வரன் பேச்சு வந்தபோது அம்மா பெருமையாக, "பையன் பாஸ்கெட்பால் ப்ளேயர்" என்றாள். "பார்த்திருக்கேங்க" என்றாள் அமலராணி. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கருணைக்காகவே சரி என்றேன்.

கல்யாணத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் பள்ளி மைதானத்தில் இரண்டு பேரும் ஆடுவோம். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் என்னைச் சுற்றிச் சுற்றி ஓடிப் போடுவாள். நான் கிழக்கு எது, மேற்கு எது என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"நீங்க பந்தைத் தொடவே வேண்டாங்க. கையைத் தூக்கிட்டு நில்லுங்க, போதும்."

நின்றேன். ஆச்சரியமாக, அது வேலை செய்தது. எதிராளிக்குக் கூடை தெரியாமல் போயிற்று. இரண்டு சீசன் டீமுக்கு மதில் சுவராக இருந்து சம்பளத்தை நியாயப்படுத்தினேன். நஜிமுதீன்கூடப் பழையதை மறந்துவிட்டதாகச் சொன்னான். சொல்லும்போது மட்டும் வேறு பக்கம் பார்ப்பான்.

அப்புறம் 1963. அடிபட்டு ரிடையர் ஆன ஆட்டக்காரர்கள் உண்டு. நானும் அடிபட்டேன், சத்திரம் பஸ் ஸ்டாண்டில். ஸ்ரீரங்கம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கையிலிருந்த டீம் பந்து நழுவி பூக்கடைகளுக்கு நடுவே உருண்டது. துரத்தினேன். வாழ்க்கையிலேயே நான் மிக வேகமாக ஓடியது அன்றைக்குத்தான். இதில் பாதியை மைதானத்தில் ஓடியிருக்கலாமே என்று பின்னால் வந்த நஜிமுதீன் சொல்லி முடிப்பதற்குள் முழங்கால் திருகிக்கொண்டது. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, "இனிமே ஆட்டம் வேண்டாம்" என்றார். பெரிய துக்கமாக இருக்காது என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து அமலராணியிடம் சொன்னபோது நிஜமாகவே அழுகை வந்தது. அவள் சிரிக்கவில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள்.

ஃபைல் கட்டும் வேலை தொடர்ந்தது. அவளுடைய பெண்கள் டீம் ஊர் ஊராக ஜெயிக்க ஆரம்பித்தது. கைலாசபுரத்தில் பெரிய ஃபாக்டரி வந்து, குடியிருப்புகள் முளைத்து, புதிய மைதானங்கள் வந்தபோது அங்கேயும் போய் ஆடினார்கள். நான் பந்து மூட்டையைச் சுமந்துகொண்டு நொண்டியபடி பின்னால் போவேன். 67-இல் அங்கே ஒரு மேட்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்ஜினீயர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "சார் ப்ளேயரா?" என்று கேட்டார்.

"கோச்சோட வீட்டுக்காரர்" என்றேன். அவர் மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்ள இடம் கொடுத்தார்.