தோராவின் நகரத்தில் பசை கிடையாது

தோராவுக்கு விசர், முழுப் பைத்தியம் என்று எங்கள் விண்ட்பெக் ஊரில் முதலில் சொன்னவன் அவளுடைய புருஷன் ஐனர். பிறகு ஊரே சொன்னது. நானும் சொல்லியிருக்கிறேன், அவள் முகத்துக்கு நேரேயே. அவள் கோபிக்கமாட்டாள். "ஓம், விசர்தான். கோப்பி ஊத்தட்டே?" என்பாள்.

டென்மார்க்கில் பிளாஸ்டிக் கட்டை இல்லாத வீடு கிடையாது. தலையில் குமிழ் வைத்த, ஒன்றன்மேல் ஒன்றைக் குத்திப் பொருத்துகிற அந்தக் கட்டைகளில் ஒரு பெட்டியை, அறுபதுகளின் கடைசியில் ஐனர் மகனுக்கு வாங்கி வந்தான். பையன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். தாய் தரையில் உட்கார்ந்தாள். தங்கள் வீட்டைக் கட்டினாள். பிறகு பக்கத்து வீடு. பிறகு அதற்குப் பக்கத்து வீடு. அடுத்த குளிர்காலத்தில் சாப்பாட்டு மேசை முழுவதும் அவர்களுடைய தெரு நின்றது. குடும்பம் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டது.

பகலில் அவள் பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் குடல் கழுவுகிறவள். மாலையில் கட்டை. அந்தத் தெருவில் மற்றப் பெண்கள், யாரும் போடாத கம்பளிச் சட்டைகளைப் பின்னிப் பின்னி அலமாரியில் அடுக்கினார்கள். அவர்களை யாரும் விசர் என்று சொல்லவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

ஊரில் எது நிற்கிறதோ அதுதான் மேசையிலும் நிற்கும். அதில் அவள் ஒரு கட்டையும் விட்டுக்கொடுக்கமாட்டாள். யாராவது கோட்டையும் கடற்கொள்ளையரும் உள்ள பெட்டியைப் பரிசாகக் கொடுத்தால், சாம்பல் நிறக் கட்டைகளை மட்டும் பொறுக்கியெடுத்து ரயில் நிலையத்துக்கு நடைமேடை போடுவாள். யாராவது கதவுக்கு நீல வர்ணம் அடித்தால் அந்த வாரமே மேசையிலும் கதவு நீலமாகிவிடும்.

முதல் பத்து வருடம் அந்த நகரத்தில் மனிதர்கள் இல்லை. கையும் காலும் சிரிப்பும் உள்ள சின்ன மஞ்சள் மனிதர்கள் கடைக்கு வந்த பிறகுதான் குடியேற்றம் தொடங்கியது. அதற்கும் அவளிடம் ஒரு சட்டம். யாரையும் அவள் வைக்கமாட்டாள். அவரவர் வந்து அவரவரைக் குத்தி வைக்கவேண்டும். ஊரைவிட்டுப் போகிறவர் தானே வந்து தன்னைக் கழற்றவேண்டும். செத்தவருக்காக வீட்டார் வருவார்கள். "நான் என்ன கடவுளே, உன்னைத் தூக்கி வைக்க? நீயே வை" என்பாள். சிரித்துக்கொண்டு வந்தவர்கள்கூடத் தங்களை வைக்கும்போது, எந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் என்று கொஞ்சம் யோசிப்பார்கள்.

ஐனர் ஒரு பல் வைத்தியரின் உதவியாளரோடு ஓல்போர் நகரத்துக்கு ஓடினபோதும் சட்டம் சட்டம்தான். தோரா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"நீ வைச்ச ஆளை நீ வந்து எடு."

"குப்பையில போடு."

"நான் ஏன் போடவேணும்? உன்ர கால்தானே போனது, கை இருக்குத்தானே?"

அவன் வேலை செய்கிற இடத்துக்கும், அந்தப் பல் வைத்தியரிடத்துக்கும் மாறி மாறிக் கூப்பிட்டாள். கடைசியில் அவன் வந்தான். கோட்டைக்கூடக் கழற்றாமல், மேசையிலிருந்து தன்னைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனான். நீ அழவில்லையா என்று பின்னொரு நாள் கேட்டேன். "அழுதனான், அவன் போனாப் பிறகு. அவனுக்கு முன்னால ஏன் அழவேணும்?" என்றாள்.

மேசை போதாமல் நகரம், மூடிக்கிடந்த பால் தொழிற்சாலைக்குக் குடிபோனது. நகரசபை இடம் கொடுத்தது. டேனிஷ்காரர் நாலு பேர் ஒன்றாகக் கோப்பி குடித்தால் ஒரு சங்கம் பிறந்துவிடும். இங்கேயும் பிறந்தது.

நான் 1986இல் வந்தேன், யாழ்ப்பாணத்திலிருந்து, புருஷனோடும் கைக்குழந்தையோடும். ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற அடுக்குமாடியில் வீடு கிடைத்தது. கொஞ்சம் மொழி படித்த பிறகு, இறைச்சித் தொழிற்சாலையில் தோராவுக்குப் பக்கத்தில் வேலை. இரண்டாவது வாரமே என்னைப் பால் தொழிற்சாலைக்குக் கூட்டிப்போனாள். எங்கள் அடுக்குமாடி அங்கே நின்றது. மூன்றாம் மாடியில் எங்கள் வீடு மட்டும் காலி. மூன்று மஞ்சள் பொம்மைகளை என் உள்ளங்கையில் வைத்தாள்.

சங்கத்தில் அப்போது பேக்கரிக்காரர் ஹோல்கரும் இருந்தார். "உவை திரும்பிப் போற ஆக்கள். வீண் வேலை" என்றார், எனக்கு மொழி விளங்காது என்ற நினைப்பில். அவ்வளவு விளங்கியது.

"குத்தினா இருக்கும், இழுத்தா வரும். உன்ர பேக்கரியும் அப்பிடித்தான் நிக்குது, ஹோல்கர்" என்றாள் தோரா.

எனக்குக் கோபம் வேறொன்றில். "நான் ஏன் மஞ்சள்?" என்று கேட்டேன்.

"நான் மட்டும் மஞ்சளே? என்னைப் பார்!" கன்னத்தை நீட்டினாள். எங்கள் தொழிற்சாலைப் பன்றிகளின் நிறத்தில் இருந்தாள். அதை அவளிடமே சொன்னேன். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் எங்கள் மூவரையும் பால்கனியில் வைத்தேன்.

தொண்ணூறுகளில் ஊர் கழலத் தொடங்கியது. வங்கி போனது. ஹோல்கரின் பேக்கரி போனது. அவர் யாரையும் தொடவிடாமல் கட்டை கட்டையாகத் தானே கழற்றினார். கடைசியில் இறைச்சித் தொழிற்சாலையும் மூடியது. அதைக் கழற்ற நாங்கள் எல்லோரும் போனோம். மேசையில், கட்டைகளைக் குத்தி நிறுத்துகிற அடிப்பலகையில் வெற்றிடங்கள் கூடின. வெளியூர்க்காரர் வந்து பார்த்து, வடிவில்லை, ஏதாவது கட்டி நிரப்பலாமே என்றால் தோரா சீறுவாள். "ஊருக்குப் பல்லு விழுந்து கிடக்குது. மேசையில மட்டும் பொய்ப்பல்லுக் கட்டச் சொல்லுறியே?"

புதிதாக முளைத்ததும் உண்டு. சிரியாவிலிருந்து வந்த மர்வான் முடிதிருத்தும் கடை போட்டார். காற்றாலை வந்தது. என் மகள் வளர்ந்து எதிர்த் தெருவில் வீடு எடுத்து, தன்னை எங்கள் பால்கனியிலிருந்து கழற்றித் தன் வீட்டு வாசலில் வைத்தாள். அன்று நான் அழுதேன்.

சின்ன நகரசபைகளைப் பெரியவற்றோடு சேர்த்த வருடம் எங்கள் நகரசபையும் போனது. அடுத்த வருடம் புதிய பெரிய சபையின் கலாசாரப் பிரிவிலிருந்து யெஸ்பர் என்று ஒருவர் வந்தார். இளம் வயது, நல்ல பேச்சு. பால் தொழிற்சாலையை விற்கப்போகிறார்கள். ஆனால் கவலை வேண்டாம், புதிய கலாசார மாளிகையில் கண்ணாடி அறை தயார். இரண்டு நிபந்தனைகள்தான். நகரம் 1985இல் இருந்தபடி திரும்பக் கட்டப்படவேண்டும். பிறகு எல்லாம் பசை போட்டு ஒட்டப்படும்.

கட்டை கட்டுகிறவர்களிடம் பசை என்று சொல்வது, பால் காய்ச்சுகிற இடத்தில் எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி.

"ஒட்டினா எப்பிடி மாத்திறது?" என்றாள் தோரா.

"மாத்தத் தேவையில்லையே, தோரா. அதுதான் வசதி. எண்பத்தைஞ்சுதான் இந்த ஊரின்ர பொற்காலம்."

சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாக்குக்கு விட்டார்கள். கோப்பி, கறுவாப்பட்டை தூவிய பணிஸ் ரொட்டி எல்லாம் வைத்துத்தான். ஹோல்கர் எழுந்தார். வயது போய்விட்டது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"எண்பத்தைஞ்சில என்ர பேக்கரி இருந்தது. விடியப்புறம் தெரு முழுக்கப் பாண் மணக்கும். அதைத் திரும்ப வைக்கலாமெண்டா நான் ஏன் வேண்டாமெண்டு சொல்லவேணும்?"

"நீதானே உன்ர கையால கழற்றினாய், ஹோல்கர்" என்றாள் தோரா.

"அந்தக் கையாலதான் வைக்கப்போறன்."

அவரை என்னால் வெறுக்க முடியவில்லை. ஆனால் நானும் எழுந்தேன். "எண்பத்தைஞ்சில நான் எங்க?" என்று யெஸ்பரைக் கேட்டேன்.

அவர் அன்பாகத்தான் சிரித்தார். "உங்கட ஆக்களைப் பற்றிச் சுவரில ஒரு படம் வைப்பம்."

ஒரு படம்! நான் அந்த ஊரில் குடல் கழுவினேன், வரி கட்டினேன், புருஷனை ஊர்த் தேவாலயத்துக்குப் பின்னால் அடக்கம் செய்தேன், அவரை மேசையிலிருந்து என் கையால் எடுத்தேன். எனக்கு ஒரு படம். நான் பணிஸைக் கடிக்காமல் தட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

கைகள் உயர்ந்தன. கொஞ்ச வாக்குகளில் தோற்றோம். தோரா கத்தவில்லை. "சரி. தீர்மானம் தீர்மானம்தான். சங்கத்தின்ரயைச் சங்கம் தரும்" என்றாள். யெஸ்பர் நிம்மதியாகக் கோப்பி குடித்தார்.

அடுத்த நாள் மழையில் சைக்கிளை எடுத்தாள். ஒரு வீடு விடவில்லை. "சனிக்கிழமை வீடு மாறுறம். உன்ரயை நீ வந்து எடு. மேசையும் பலகையும் சங்கத்தின்ர. வீடு உன்ர."

ஹோல்கர் கதவைப் பாதி திறந்து, "இது வாக்கெடுப்புக்கு மாறு" என்றார்.

"விருப்பமில்லாட்டி விடு. உன்னையும் சேத்து ஒட்டுவாங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டு மணியை அடித்தாள்.

சனிக்கிழமை ஊர் வந்தது. பிஸ்கட் டின், குழந்தை வண்டி, சாக்கு, எது கிடைத்ததோ அதோடு. மர்வான் தன் கடையைச் சவரத் துவாயில் சுற்றினார். பாதிரியார் தேவாலயத்தைத் தூக்கும்போது கோபுரம் முறிந்து விழ, ஒரு நல்ல கெட்ட வார்த்தை சொன்னார். எங்கள் அடுக்குமாடியை மாடி மாடியாகப் பிரித்து எடுத்தோம். தோரா மட்டும் நாற்காலியில் இருந்தாள். முகம் சிவந்து வீங்கியிருந்தது.

"நாப்பது வருசம், மலர்" என்றாள் என்னிடம்.

"நிப்பாட்டுவமா? இப்பவும் நேரம் இருக்கு."

"நிப்பாட்டாதை. பசை வாறதுக்கு முதல் எடு. கெதியா!"

பின்னேரம் ஹோல்கர் வந்தார். வீட்டில் உட்கார்ந்து திரும்பக் கட்டின பேக்கரி கையில் இருந்தது. அதன் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்தார். சுற்றிவரத் தெருவும் இல்லை, பாண் வாங்க ஆளும் இல்லை. அவர் வலமும் இடமும் பார்த்தார். பிறகு பேக்கரியை எடுத்து ஒரு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மேசையில் நின்ற தன் வீட்டை மற்றக் கையால் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். தோரா போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

திங்கட்கிழமை யெஸ்பர் இரண்டு வேலையாட்களோடும் பசை டின்களோடும் வந்தார். நீண்ட சாம்பல் பலகை. அதன் நடுவில் ஒரேயொரு கட்டடம், நகரசபை.

"நகரம் எங்க?" என்றார்.

"வெளியில நிக்குது. வரேக்க காணேல்லையே?"

"அப்ப இது?"

"அதின்ர ஆக்கள் போய் ஒரு வருசமாகுது. ஒருத்தரும் வந்து எடுக்கேல்ல. மற்றவையின்ர வீட்டில நாங்கள் கை வைக்கிறேல்ல." தோரா தன் வீட்டைக் கழற்றிச் சைக்கிள் கூடைக்குள் ஏற்கெனவே வைத்திருந்தாள். மழைக்கோட்டின் பொத்தானைப் போட்டபடி ஒரு பசை டின்னைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள். "அந்தக் கட்டடம் உன்ர. ஒட்டு."