சந்தேகம் நிறுத்திய பன்னிரண்டாவது கம்ப்யூட்டர்

சந்தேகம் என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் சித்தி மகள் வாயால்தான். "எனக்கு வாய்ச்ச மருமகளுக்குப் பேரே சந்தேகம்தான். பூட்டின கதவை மூணு தரம் இழுத்துப் பாக்குறா" என்றாள். குறையா பெருமையா என்று அப்போது பிடிபடவில்லை. முறைக்கு எனக்கும் அவள் மருமகள்தான்.

அவளும் அவள் கொழுந்தனும் கடை வைத்து, கம்ப்யூட்டர்களுக்கு லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றிக் கொடுத்தார்கள். ஏற்றும்போது, எந்த டிஸ்க் எந்த இடத்தில் உட்கார வேண்டும், எதைத் துடைத்துவிட்டு உட்கார வைப்பது என்று மெஷின் கேட்குமாம். டிஸ்கை அப்படி உட்கார வைப்பதற்கு மவுன்ட் என்று பெயர். கொழுந்தன் கைவேகக்காரன். பதில் சொல்லிச் சலித்துப்போய், எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் எழுதி வைத்துவிட்டான். முதல் டிஸ்கைத் துடை, இரண்டாவது இருந்தால் தொடாதே. செருகினால் போதும், மெஷின் வாயே திறக்காது.

ஒரு கண் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு கம்ப்யூட்டர். பதினொன்று மத்தியானத்துக்குள் முடிந்தது. பன்னிரண்டாவது டாக்டர் அறையில் இருந்தது. அதற்கு மட்டும் இரண்டு டிஸ்க். ஒன்றில் ஒன்பது வருஷத்து நோயாளிகளின் கண் படங்கள். மூன்று மணிக்கு நோயாளிகள் வந்துவிடுவார்கள் என்று டாக்டர் வாசலில் நின்று இரண்டு தரம் சொல்லிவிட்டார். படங்களுக்கு நகல் இருக்கிறதா என்று இவள் கேட்டாள். இருக்கிறது என்றார். எங்கே என்றதற்கு, அதே டிஸ்கில்தான், வேறு ஃபோல்டரில் என்றார்.

இவள் பென் டிரைவைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"பதினொண்ணுல ஒண்ணுகூட தப்பாப் போகலையே அண்ணி. இதுக்கு மட்டும் நாலு பேரைக் கூட்டி விசாரிக்கணுமா?"

"அதுல எல்லாம் டிஸ்கு ஒண்ணுதான் தம்பி. ஒத்தப் பிள்ளை வீட்டுல யாரு மூத்தவன்னு கேள்வி வராது."

கையாலேயே ஒவ்வொரு கேள்வியாகத் திறந்து பார்த்தாள். மெஷின் முதல் டிஸ்க் என்று காட்டியதன் அளவு பெரிதாக இருந்தது. படங்கள் இருந்ததுதான் பெரிய டிஸ்க். எது முதலில் கண்ணில் படுகிறதோ அதையே முதல் என்று எடுத்துக்கொள்வது மெஷினின் வழக்கமாம். கொழுந்தன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"செருகியிருந்தா?"

"நீ வேற தொழில் பாத்துட்டிருப்ப. நானும்தான்."

படங்கள் இருந்த டிஸ்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு லினக்ஸ் ஏற்றினாள். பிறகு அதை மாட்டி, அதன் முதுகில் அச்சடித்திருந்த எண்ணைச் சொல்லி உட்கார வைத்தாள். மணி நாலேகால். வந்தவர்கள் எல்லாரும் காத்துக் கிடந்தார்கள். டாக்டர் முகம் கொடுத்துப் பேசவில்லை. பென் டிரைவில் இருந்த பதிலையும் அன்றைக்கே மாற்றி எழுதினாள். துடைக்கப் போகும் டிஸ்கில் ஏதாவது இருந்தால், மெஷின் நின்று ஆளைக் கேட்க வேண்டும்.

செருகியிருந்தால் படங்கள் அத்தனையும் போயிருக்கும் என்று கடையில் கொழுந்தன் சொல்லிச் சிரிக்க, சொல் அந்த டாக்டர் காதுக்கும் போயிருக்கிறது. அடுத்த மாதம் அவளை வேலைக்குக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார். இப்போது அவள் அந்த ஆஸ்பத்திரியிலேயே மாதச் சம்பளத்தில் இருக்கிறாள். கடையைக் கொழுந்தன் தனியாகப் பார்த்துக்கொள்கிறான்.