அம்மாவின் வோல்டேஜும் என் காத்தாடியும்

எரிந்த மோட்டார் காயிலின் வாடையை மூக்கில் வாங்கியே வளர்ந்தவள் நான். வார்னிஷும் செம்புக் கம்பியும் சேர்ந்து கருகும் அந்தக் காரமான வாடை, செஞ்சியில் எங்கள் வீட்டு முன்னறையில், சாம்பார் கொதிக்கிற வாசனையையும் அமுக்கிக்கொண்டு எந்நேரமும் நிற்கும். அந்த முன்னறைதான் அம்மாவின் கடை. ஐ.டி.ஐ. படித்துவிட்டு, பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுவதைத் தொழிலாக எடுத்துக்கொண்ட பெண் எனக்குத் தெரிந்து எங்கள் பக்கத்தில் அவர் ஒருவர்தான். "பொம்பள கட்டுன காயில் தாங்குமா?" என்று கேட்டவர்களே பிறகு மாட்டு வண்டியிலும் டிவிஎஸ்ஸிலும் மோட்டாரை ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் காத்திருந்தார்கள். நைனா தனியார் பஸ்ஸில் கண்டக்டர், அமாவாசைக்கு மேல்மலையனூர் ஸ்பெஷல் ஓடும் நாட்களில் வீட்டுப் பக்கமே தலைகாட்ட மாட்டார். ஆகவே என் ஒன்பதாம் வகுப்புச் சண்டைகள் எல்லாம் அம்மாவோடுதான்.

எந்த மோட்டார் வந்தாலும் அம்மா கேட்கும் முதல் கேள்வி ஒன்றே ஒன்று: "வோல்டேஜ் எவ்ளோ வருது?" அது கரண்ட் கட் கோலோச்சிய காலம். மோட்டாரின் தகட்டில் நானூற்றுப் பதினைந்து என்று எழுதியிருக்கும், கம்பத்திலிருந்து வருவதோ முந்நூற்றைத் தாண்டாது. மோட்டார் எரிந்தால் அது "லோ வோல்டேஜ்" செய்த வேலை, வோல்டேஜ் ஏறினால் மோட்டார் பிழைக்கும் என்பதில் எங்கள் ஊரில் யாருக்கும் இரண்டாவது கருத்தே கிடையாது. எழுதியிருப்பது ஒன்று, வருவது ஒன்று என்று பழகிப்போனதால் தகட்டில் உள்ள எண்ணை நாங்கள் யாரும் மதித்ததும் இல்லை.

அந்த வருடம் மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு யார் என்ன செய்யப்போகிறீர்கள் என்று வகுப்பில் டீச்சர் கேட்டபோது, முன்பின் யோசிக்காமல் எழுந்து, ரிமோட்டில் ஓடும் படகு செய்வேன் என்று சொல்லிவிட்டேன். வாய்க்கொழுப்புதான், வேறென்ன. டிவி வந்த பெட்டியின் தெர்மாகோல் படகாயிற்று. உடைந்த பொம்மைக் காரிலிருந்து ரிமோட்டும் போர்டும் கிடைத்தன. சைக்கிள் ஸ்போக்கை, பழைய ரேடியோவின் ஆன்டெனாக் குழாய்க்குள் கிரீஸ் தடவி நுழைத்து, அதன் ஒரு முனையில் பொம்மை மோட்டாரையும் மறுமுனையில் பவுடர் டப்பாத் தகரத்தில் வெட்டிய மூன்று இலைக் "காத்தாடி"யையும் மாட்டினேன். உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது காத்தாடி. வீட்டில் சுற்றும் மின்விசிறிக்கும் எங்களுக்குக் காத்தாடி என்றுதான் பெயர், விசிறி என்றால் பெரிதாக இருந்தால்தானே காற்று வரும்? எமர்ஜென்சி லைட்டின் ஆறு வோல்ட் பேட்டரி மின்சாரம் கொடுத்தது.

மேல்சித்தாமூர் பக்கத்திலிருந்து எங்களிடம் மோட்டார் கொண்டுவரும் விவசாயி ஏழுமலை மாமாவின் பம்புசெட் தொட்டியில் அதை விட்டோம். சினை எருமை போல அசைந்தது. கூட வந்திருந்த அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது லோ வோல்டேஜ்டி. இன்னொரு பேட்டரி சேத்துக்க" என்றார். சேர்த்தேன். பன்னிரண்டு வோல்ட்டில் படகு துள்ளிப் பாய்ந்தது, நான் கைதட்ட ஆரம்பித்தேன், தட்டி முடிப்பதற்குள் எனக்கு நன்றாகத் தெரிந்த அந்த வாடை வந்துவிட்டது. மோட்டாரில் ஆறு வோல்ட் என்று எழுதியிருந்ததை நானும் பார்த்தேன், அம்மாவும் பார்த்தார், வழக்கம்போல இருவருமே மதிக்கவில்லை. மோட்டார்தான் மட்டம் என்று சொல்லி, மறுநாள் அதே தொட்டியில் இன்னொன்றையும் கருக்கினோம்.

விஷயம் எங்களுக்கு முன்னால் டீக்கடைக்குப் போய்விட்டது. "காயில் கடைக்காரி பொண்ணே ரெண்டு மோட்டார கருக்கிட்டா!" சிரித்துவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை. ஏழுமலை மாமா, கட்டுவதற்காக எங்கள் கடையில் போட்டிருந்த ஐந்து ஹெச்.பி. மோட்டாரைத் திரும்பக் கேட்டு வந்தார். "தப்பா நெனைக்காத தங்கச்சி, பயிரு காயுது. திண்டிவனத்துல குடுத்துக்கிறேன்" என்றார். அம்மா மோட்டாரை வண்டியில் ஏற்ற ஒரு கை பிடித்தார். அத்தனை வருடம் பாடுபட்டுச் சேர்த்த பெயரை என் பொம்மைப் படகு தின்றுகொண்டிருக்கிறதே என்று எனக்கு அழுகை வந்தது. பள்ளியிலோ, வெள்ளிக்கிழமை படகு ஓடாவிட்டால் கண்காட்சிப் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிடுவதாக டீச்சர் சொல்லிவிட்டார்.

மிச்சம் இருந்தது ஒரே மோட்டார், பழைய பேட்டரி டிரில்லிங் மெஷினிலிருந்து கழற்றியது, பன்னிரண்டு வோல்ட் என்று எழுதியிருந்தது. இந்த முறை எழுத்தை மதிப்பதென்று முடிவு செய்து பன்னிரண்டே கொடுத்தேன். ஆனால் ஓட்டுவதற்கு முன் அளந்து பார்க்கத் தோன்றியது. ஒயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் அம்மாவின் டாங் டெஸ்டரை மாட்டினால், அது வீட்டுக் கரண்டுக்கான கருவி என்பதால் பேட்டரிக்குப் பூஜ்யமே காட்டியது. மல்டிமீட்டரை இணைத்தேன். காத்தாடி இல்லாமல் மோட்டார் ஒரு ஆம்பியர்கூட இழுக்கவில்லை. காத்தாடியை மாட்டி எங்கள் வீட்டுத் தொட்டித் தண்ணீரில் இறக்கியதும் எண் பத்தைத் தாண்டியது. இவ்வளவு இழுத்தால் காயில் கருகிவிடும் என்று பயந்துபோய்ப் பிடுங்கிவிட்டேன்.

கடை மூலையில், பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் ஒன்று கிடந்தது. லோடு தாங்காமல் சூடேறிய ஒரு மோட்டாருக்காக, அதன் விளிம்பை லேத்தில் கொடுத்து அம்மாவே கடைந்து குறைத்தது நினைவுக்கு வந்தது. "அம்மா, வோல்டேஜ்லாம் சரியாத்தான் இருக்குது. காத்தாடிதான் பெருசு" என்றேன். "இருவது வருசமா மோட்டார் பாக்குறவளுக்கு நீ சொல்லித் தர்றியா?" என்று சீறினார். நான் கத்தரிக்கோலை எடுத்து இலைகளை விளிம்பில் வெட்டினேன், தண்ணீரில் விட்டு அளந்தேன், மறுபடி வெட்டினேன். ஒன்பது. ஆறரை. ஐந்து. அம்மாவின் கண் மீட்டரை விட்டு நகரவில்லை. கடைசியில் கத்தரிக்கோலைத் தானே வாங்கி, நகம் வெட்டுகிற பக்குவத்தில் மூன்று இலைகளையும் சமமாக்கினார். மூன்று ஆம்பியர். காத்தாடி பெரிய நெல்லிக்காய் அளவுக்கு வந்திருந்தது.

"நாந்தான்டி தப்பா சொல்லிட்டேன்" என்றார். அம்மா வாயிலிருந்து அந்த வார்த்தையை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை.

வெள்ளிக்கிழமை, அவலூர்பேட்டை ரோட்டை ஒட்டிய ஏரியில், ராஜகிரி மலை தண்ணீரில் தலைகீழாகத் தெரிய, என் படகு நட்ட கம்பை மூன்று முறை சுற்றிவிட்டுச் சீறிக்கொண்டு கரைக்கு வந்தது. வகுப்பே கூச்சல் போட்டது. வேலை நாளில் கடையைப் பூட்டி அறியாத அம்மா அன்று பூட்டிவிட்டு வந்திருந்தார். பம்பு மோட்டாரைச் சோதிப்பது போலவே உள்ளங்கையை அந்தச் சின்ன மோட்டாரின் மேல் வைத்து, பத்து வரை எண்ணிவிட்டு எடுத்தார். வேடிக்கை பார்க்க வந்திருந்த ஏழுமலை மாமாவிடம், "தொட்டுப் பாருண்ணே, சூடே இல்ல. எம்பொண்ணு லோடு பாத்து வெட்டுன காத்தாடி" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார். மறுவாரம் மாமாவின் மோட்டார் திண்டிவனத்திலிருந்து எங்கள் கடைக்கே திரும்பி வந்தது. மாவட்டக் கண்காட்சியில் எனக்கு ஆறுதல் பரிசுதான். அதற்கு நான் வருத்தப்படவே இல்லை.

இன்று ஏரிகளின் ஆழத்தை அளக்கும் சிறு படகுகளைச் செய்வதே என் பிழைப்பு. ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று சுற்றும் என்று மோட்டாரிலேயே அச்சடித்து வருகிறது, எழுதியபடியே நடந்துகொள்ளவும் செய்கிறது. எமர்ஜென்சி லைட்டுகள் பழைய இரும்புக்குப் போய்விட்டன. அந்தத் தகரக் காத்தாடி எங்கே போனதென்று தெரியவில்லை.

போன மாதம் புதுப் படகை முதன்முதலாக ஓட்டிய சந்தோஷத்தில் அம்மாவுக்குப் போன் செய்தேன். "இருபத்திரண்டு வோல்ட் பேட்டரிம்மா" என்று பெருமையாக ஆரம்பித்தேன்.

"வோல்டேஜ் கெடக்குது" என்றார் அம்மா. "காத்தாடி இன்னா சைஸு? மொதல்ல அத்த சொல்லு."