ஈஸ்ட் போகாத மூலை

ஆய்வகத்தில் எல்லோரும் அவளை ஈயக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பழ ஈக்களுக்கு வேளை தவறாமல் ஊட்டுவாள். தான் சாப்பிட மட்டும் மறந்துபோவாள். கடிகாரம் பழுது பார்க்கும் அவள் கணவர் கேலி செய்வார்: "நான் கடையில ஈ ஓட்டுறேன், நீ அங்க ஈக்கு ஊட்டுற. நல்ல ஜோடி போ!"

பெண் ஈயின் வயிற்றைத் திறந்து நுண்ணோக்கியில் பார்த்தால் முட்டைகள் சரம் சரமாக இருக்கும். அவற்றை வளரச் சொல்லும் மரபணு எது என்பதே அவளுடைய தேடல். ஒரு மரபணுவை அடக்கினாள். முட்டைகள் பாதி வளர்ச்சியில் நின்றுவிட்டன! வருடக்கணக்கில் தேடியது சிக்கிவிட்டதென்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் நடக்கவிருந்த ஆய்வகக் கூட்டத்தில் இதைப் பற்றி அவளையே பேசச் சொன்னார் ஆய்வகத் தலைவர்.

கூட்டத்தில் காட்டப் படம் எடுக்க வேண்டுமே என்று இருவகை ஈக்களின் குழாய்களையும் அருகருகே வைத்தாள். சாதாரண ஈக்களின் குழாயில் அவள் ஊட்டும் ஈஸ்ட் விழுது அப்பியிருந்தது. மரபணு அடக்கிய ஈக்களின் குழாயோ துடைத்துவைத்ததுபோல இருந்தது. 'என் செல்லங்கள் என்ன சுத்தம்!' என்று இத்தனை நாளும் மெச்சியவள் அவளேதான். இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மற்றவற்றோடு கலந்துவிடக் கூடாதென்று அவற்றை ஜன்னலோர மூலையில் தனியாக வைத்திருந்தாள். தினமும் ஈஸ்ட் கரண்டியோடு சுற்றியவள் அந்த மூலைக்கு மட்டும் கரண்டியைக் கொண்டுபோகவே இல்லை. குழாயின் அடியிலுள்ள சாதாரணக் கூழில் உயிர் பிழைத்தாலும், ஈஸ்ட் கிடைக்காத ஈக்கு முட்டை சரியாக முதிராது. அவள் தொழிலில் இது அரிச்சுவடி.

சொல்லாமல் விட்டால் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. ஆனால் இந்த ஈக்களுக்குத் தெரியுமே! அவளால் முடியவில்லை. நேரே தலைவர் அறைக்குப் போனாள்.

"சார், ஜீன் மேல தப்பே இல்லாம இருக்கலாம். தப்பு சமையக்காரி மேல."

முழுவதையும் கேட்டவர் பெருமூச்சு விட்டார். "கூட்டத்துல வேற யாராவது பேசட்டும். நீங்க முதல்ல அதுங்களுக்குச் சோறு போடுங்க."

இம்முறை எல்லாக் குழாய்களுக்கும் ஒரே அளவு விழுது வைத்தாள். சில நாள் கழித்துத் திறந்து பார்த்தாள். இரு பக்கமும் முட்டைகள் கொழுகொழுவென்று முதிர்ந்திருந்தன. மரபணு நிரபராதி.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்த கணவர் கேட்டார், "என்னாச்சும்மா?"

"முட்டையெல்லாம் நல்லா வளந்திருக்கு."

"நல்ல விஷயந்தானே?"

"ஆமா," என்றவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள். அவர் ஒன்றும் புரியாமல் தன் தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.