கடலைப் பார்த்த வீட்டுக்கு வரி

போர்ட்கரனில் வீடு கட்டுகிறவனுக்குக் கொஞ்சம் புத்தி இருந்தால் கடலுக்கு முதுகையோ தோளையோ காட்டித்தான் கட்டுவான். ஸ்காட்லாந்தின் அந்த வடகிழக்குக் கரையில் காற்று அப்படி. எல்ஸ்பெத் ஸ்லேட்டரின் மாமனாருக்கு அந்தப் புத்தி இல்லை. சொந்தமாகப் படகு வைத்திருந்த மிதப்பு வேறு. வாசலையும் ஆறு ஜன்னல்களையும் நேராகக் கடலைப் பார்த்து வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். குளிரெல்லாம் மருமகளுக்கு.

குளிரோடு போயிருந்தால் பரவாயில்லை. உள்ளூர்க் கவுன்சிலுக்குக் கட்டும் வீட்டு வரிக்காக வீடுகளுக்கு மதிப்புப் போட்டார்களே, அப்போது கடலோர ரோட்டில் வந்த ஆள் காரைவிட்டு இறங்கவே இல்லை என்று ஊரில் இன்றைக்கும் சத்தியம் செய்வார்கள். மற்ற வீடுகளில் அவன் கண்ணில் பட்டது பக்கச் சுவர் மட்டும். இவள் வீட்டில் ஆறு ஜன்னல். மாளிகை என்று நினைத்து வரியின் மேல்தட்டில் கொண்டுபோய் எழுதிவிட்டான். உள்ளே நுழைந்து நாலு எட்டு வைத்தால் பின்கதவு இடிக்கும் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

கணவன் கோர்டன் இருந்தவரை, படகு வருமானத்தில் அந்த வரி பெரிதாகத் தெரியவில்லை. அவன் இறந்த பிறகு தெரிந்தது. எல்ஸ்பெத் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற எல்லோரும் அவள் கையால் மசித்த உருளைக்கிழங்கைத் தின்று வளர்ந்தவர்கள்தான். சொந்தப் பிள்ளை இல்லை. அதற்காக ஒருநாளும் மூக்கைச் சிந்தியவளும் இல்லை. ஆனால் அந்த வீட்டை விட்டுப் போக வேண்டியிருக்குமோ என்ற நினைப்பு வந்தபோது அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். கோர்டன் படகில் திரும்பி வருவதை அந்த ஜன்னல்களில் நின்றுதான் அவள் முப்பது வருஷம் பார்த்திருக்கிறாள். சமையல்காரியின் அரைநாள் சம்பளத்தில் வரி கட்டினால் நிலக்கரி வாங்க முடியவில்லை. நிலக்கரி வாங்கினால் வரி பாக்கி.

இரண்டாயிரத்து எட்டில் தலைநகர் எடின்பரோவிலிருந்து ஒரு பேச்சு வந்தது. வீட்டைப் பார்த்து வரி போடுவதை நிறுத்திவிட்டு, அவரவர் வருமானத்தைப் பார்த்து உள்ளூர் வரி போடப்போகிறார்களாம். ஊர்க்காரர்கள் சர்ச் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். தேநீரும் வெண்ணெய் ரொட்டியும் உண்டு என்று அறிவித்ததால் கூடம் நிறைந்துவிட்டது.

எல்ஸ்பெத் அதுவரை மேடை ஏறியதில்லை. முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"என் வீட்டுக்கு ஆறு ஜன்னல். ஒண்ணுகூட வேலைக்குப் போறதில்ல," என்றாள். "சம்பாதிக்கிறவ நான் ஒருத்திதான். என்னைப் பார்த்து வரி போடுங்க, ஜன்னலைப் பார்த்துப் போடாதீங்க. அவ்வளவுதான்."

சிரிப்பு அடங்குவதற்குள் தபாலாபீஸ் நீல் குரல் கொடுத்தான். "உனக்கு நல்லதுதான் எல்ஸ்பெத். பக்கத்து வீட்டு ஹெக்டரைக் கேளு. அவன் வீட்ல நாலு சம்பளம். நாலு பேரும் கட்டணும். என்ன ஹெக்டர், வாயைத் தொறயேன்!"

கூடமே திரும்பிப் பார்த்தது. ஹெக்டர் ஃப்ளெட்டின் கை இறுக்கம் கரையோரம் முழுக்கப் பிரசித்தம். பெண்டாட்டி ஜீன் கேக்கில் போடும் திராட்சையைக்கூட எண்ணுவான் என்பார்கள். அவன் தொப்பியைக் கழற்றாமலே எழுந்தான்.

"கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன். எங்களுக்கு இப்ப கட்டுறதைவிட நிறைய வரும். ராத்திரி தூக்கமே போச்சு," என்றான். "ஆனா ஒண்ணு. என் பசங்க, தடிமாடுங்க ரெண்டும் எண்ணெய்க் கப்பல்ல கை நிறைய சம்பாதிக்குதுங்க. ரோடு இதுங்களுக்கும் வேணும், தெருவிளக்கு இதுங்களுக்கும் வேணும். குப்பையோ, நாலு வீட்டுக் குப்பை போடுதுங்க. கட்டுறது யாரு? ஒத்தையா இருக்கிற அந்தப் பொண்ணு. எனக்கு வெக்கமா இருக்கு. வரட்டும் அந்த வரி."

எட்டு வயதோ எண்பது வயதோ, பெண்கள் எல்லோரும் ஹெக்டருக்குப் 'பொண்ணு'தான். எல்ஸ்பெத்துக்கு அப்போது ஐம்பத்தெட்டு. அவள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஹெக்டர் மூன்றாவது ரொட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

அந்த வரி வரவில்லை. அடுத்த பிப்ரவரியில், சட்டசபையில் போதிய ஆதரவு இல்லை என்று திட்டத்தைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள். செய்தியைக் கேட்ட எல்ஸ்பெத் யாரையும் திட்டவில்லை. வீடு விற்றுத் தரும் ஆளுக்குப் போன் செய்தாள். அவன் வந்து ஜன்னல்களைப் படம் எடுத்துக்கொண்டு போனான். திங்கட்கிழமை 'விற்பனைக்கு' என்று பலகை நடுவதாகச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை ஹெக்டர் பின்வாசல் வழியாக வந்தான்.

"ஏ பொண்ணே, பலகை நடப்போறாங்களாமே? நம்ம ஊர்க் காத்துல அது ரெண்டு நாள் நிக்காது, காசு தண்டம்."

"வேற வழி சொல்லு ஹெக்டர்."

"சொல்லத்தான் வந்தேன். இந்தப் பாழாப்போன வரி தலையை எண்றதில்ல, சுவத்தைத்தானே எண்ணுது? அப்ப உள்ளே ஆளைப் போடு. என் பசங்க இயூவனும் கெல்வினும் உன் மாடி ரூமுக்கு வரட்டும். வாடகை தரட்டும், வரியை மூணாப் பங்கு போட்டுக்குங்க. ஒருத்தன் காலை ஒருத்தன் மிதிச்சுக்கிட்டு என் வீட்ல நிக்க இடமில்ல. எனக்கு நீ செய்யிற உபகாரம் இது."

"உனக்கு உபகாரமா?"

"பின்ன? அதுங்க திங்கிற தீனி உனக்குத் தெரியுமா?"

"தெரியும். பத்து வருஷம் நான்தானே போட்டேன்," என்றாள் எல்ஸ்பெத். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நன்றி என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ஹெக்டர் கிளம்பிவிட்டான். யாராவது நன்றி சொன்னால் அவனுக்கு ஏதோ செலவு வைப்பதுபோல் தோன்றும்.

திங்கட்கிழமை பலகை வரவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இரண்டு தடிமாடுகளும் மூட்டைகளோடு வந்தார்கள். பள்ளிக்கூடப் பழக்கம் விடாமல், "ஷூவை இங்க கழட்டவா, மிஸஸ் ஸ்லேட்டர்?" என்று வாசலில் நின்று கேட்டார்கள். மாடியில் கட்டில் இழுக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே, வீட்டில் இப்போது மூன்று பேர் என்று சொல்ல அவள் கவுன்சிலுக்குப் போன் போட்டாள். ஊரில் வேறு யாராக இருந்தாலும் ஒரு மாதமாவது தள்ளிப் போட்டிருப்பார்கள். அவளுக்கு அது முடியாது.

எடுத்தவள் சின்னப் பெண், குரலில் சளி கட்டியிருந்தது. "தனியா இருக்கிறவங்களுக்குன்னு உங்களுக்குக் கால்வாசி தள்ளுபடி இருக்கு மேடம். இன்னும் ரெண்டு பேர் இருக்காங்கன்னு பதிஞ்சா அது போயிடும். பில் ஏறும். பதியவா?"

"பதிஞ்சுக்கோ கண்ணு," என்றாள் எல்ஸ்பெத். "தாராளமா ஏத்திக்கோ. நான் தனியா இல்ல."