போஞ்சிப் பாத்தியில் ஓர் எரிமலை

இப்போதும் அடித்துச் சொல்வேன், அது சாமி இல்லை. செவ்வாய்க் கிரகத்து எரிமலை. என் கையால் நான் கட்டியது.

தொண்ணூறுகளின் கடைசி. பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்று எங்கள் லயம். செவ்வாயில் இறங்கிய இயந்திரம் அனுப்பிய படம் பேப்பரில் வந்திருந்தது: செம்மண், அதில் கருங்கற்கள். எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கற்கள் என்றார் ஆசிரியர். அட, நம்ம தோட்டமேதான்! எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு செவ்வாய் எரிமலையைத்தான் செய்வதென்று முடிவுகட்டினேன்.

லயத்துக்குப் பின்னால் அம்மாவின் போஞ்சிப் பாத்தி; பீன்ஸைத்தான் நாங்கள் போஞ்சி என்போம். கொழுந்து பறித்துவிட்டு வந்து, இடுப்பொடிய அவள் கொத்திய நிலம். அங்கே தேயிலைக் கன்று நடப்போவதால் திங்கட்கிழமை பாத்தியை அழிக்கப்போவதாகத் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை சொல்லிவிட்டிருந்தார். அம்மா பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டே இருந்தாள். எனக்கோ என் செவ்வாய்தான் பெரிசு. பாத்தி ஓரத்தில் பழைய தகரமொன்றைப் போட்டு, செம்மண் குழைத்து, கவிழ்த்த சுளகு மாதிரி அகலமான மலை கட்டினேன். உச்சியில் குழி, சுற்றிலும் கருங்கல். அம்மாதான் தண்ணீர் ஊற்றினாள். இது என்னடி என்று கேட்டவளுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன்.

திங்கள் காலை தூக்கிக்கொண்டு போகலாமென்று வந்தால், என் மலைக்குச் சந்தனம், குங்குமம். உச்சிக் குழியில் கற்பூரம் எரிகிறது! எங்கள் பக்கம் ஒரு கல்லை நட்டுக் கற்பூரம் கொளுத்திவிட்டால் அது முனி. அப்புறம் யாரும் அதைத் தொடமாட்டார்கள்.

மம்பட்டி ஆட்களோடு வந்த கணக்குப்பிள்ளை செருப்பைக் கழற்றினார்.

"இது என்ன சாமி?"

"செவ்வாய் முனிங்க. கனவுல வந்து, இங்கதான் இருப்பேன்னுச்சு," என்றாள் அம்மா, கண் இமைக்காமல். "கை வைக்கிறவங்க வைங்க. நான் தடுக்கல."

"ஐயோ, அது சாமி இல்லீங்க! எரிமலை! நான் செஞ்சது!" என்று கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். கணக்குப்பிள்ளை கன்னத்தில் போட்டுக்கொண்டார். "புள்ளைக்குத் துன்னூறு பூசி விடும்மா," என்று சொல்லிவிட்டு ஆட்களோடு திரும்பிப் போனார்.

கண்காட்சியில் நான் வெறுங்கையோடு நின்றேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் முகத்துக்கு நேரே, "விஞ்ஞானம் தெரியாத ஜனங்க!" என்று கத்தி, சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் என்னை இன்னும் எரித்தது.

காலையில் என் வாயைப் பொத்திய கையில் சந்தனம் காயாமல் மணத்தது. எனக்கு அது அப்போது உறைக்கவேயில்லை. நான் தள்ளிவிட்ட தட்டில் இருந்ததும் அந்தப் பாத்திப் போஞ்சிதான்.