கமலம்மா காலி செய்து கொடுத்த அறை

கொட்டகலைக் கடைத்தெருவில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, தேநீர்க்கடைக்காரர் கூப்பிட்டுச் சொன்னார்: "மாஸ்டர், மருத்துவிச்சி கமலம்மா போயிட்டாங்க. நேத்தே அடக்கம் பண்ணியாச்சே, ஒங்களுக்கு யாரும் சொல்லலியா?"

சொல்லவில்லை. எனக்கு ஆள் அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. அவர் கையில் பிறந்து இந்த உலகத்தைப் பார்த்தவர்கள் நம் தேயிலைத் தோட்டங்களில் நிறையப் பேர். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இலங்கையில் குடியுரிமை பறிபோன பிறகு இந்தியாவுக்குக் கப்பலேறியவர்கள் பலர் தங்கள் சாமான்களை என் வீட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் வீட்டில் இரண்டு அறை உண்டு, கதவுக்குப் பூட்டும் உண்டு என்ற நம்பிக்கை. "வச்சிருங்க மாஸ்டர், சீக்கிரமா வந்துருவோம்" என்பார்கள். என் மனைவிக்கு மறுக்கத் தெரியாது. டிரங்குப் பெட்டிகள், அம்மிகள், குத்துவிளக்குகள், தொட்டில்கள் என்று இரண்டாவது அறை கூரைவரை நிறைந்தது.

மனைவி இறந்ததும் அவளுடைய அக்காள் வந்து அந்த அறையைப் பார்த்தாள். "இதுக்குள்ள புள்ளைய எங்க படுக்க வைப்பீங்க?" என்று கேட்டு, என் மகள் பூரணியைத் தலவாக்கலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அறை ஒழிந்தால்தான் பிள்ளை திரும்புவாள் என்றும் சொல்லிவிட்டாள்.

உதவி கேட்டு அலைந்தேன். நோர்வூட்டில் கடை வைத்திருக்கும் என் தம்பி ஆள் அனுப்புவதாகச் சொன்னான். இன்றுவரை அனுப்பவில்லை. தலைமையாசிரியர், "ஏலம் போட்டுருங்க மாஸ்டர்" என்று சிரித்தார். இருவரும் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

கூப்பிடாமல் வந்தவர் கமலம்மாதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "தேத்தண்ணி போடுங்க மாஸ்டர். அப்புறம் ஒண்ணொண்ணா எடுத்து வைங்க. யாரோடதுன்னு பேரச் சொல்லுங்க."

பெயரைச் சொல்லாமல் எதையும் திறக்கவிடவில்லை. நான் ஒரு பெயரைச் சொல்வேன். அவர் அந்தப் பொருள் இல்லாத ஒரு வீட்டைச் சொல்வார். அம்மி புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடிக்குப் போயிற்று. விளக்குகள் கோயிலுக்கு. ஒரு பெட்டியில், ஆட்களை வேலை வாங்கும் கங்காணியின் பழைய கோட்டு ஒன்று கிடந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு, "இனிமே என்னையும் ஐயான்னு கூப்புடுங்க" என்றார். மனைவி போனபின் அந்த வீட்டில் நான் சிரித்தது அன்றுதான்.

தொட்டிலை எடுத்தபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அடுத்தவங்க சாமான எடுத்துக் குடுக்க நாம யாரு? நாளைக்கு வந்து கேட்டா?"

"கேட்டா என்னையக் கைகாட்டுங்க. அவங்க புள்ளைங்கள எல்லாம் கையில ஏந்துனவ நான், திட்ட மாட்டாங்க. நீங்க இத அவங்களுக்காகவா வச்சிருக்கீங்க? அவங்கள வெரட்டுனவன் மேல உள்ள கோவத்துல வச்சிருக்கீங்க. கோவத்த வச்சுக்கங்க மாஸ்டர், அதுக்கு எடம் வேணாம். புள்ளைக்கு எடம் வேணும்."

தொட்டிலை நானே தூக்கி வாசலில் வைத்தேன். அது மேட்டிலிருக்கும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, மேல் லயத்துக்குப் போனது. என் மனைவியின் சேலைகளை மட்டும் அவர் தொடவில்லை. "இத பூரணி வந்து பிரிக்கட்டும்" என்றார்.

அடுத்த வாரம் பூரணி வந்தாள். சாமான் கேட்டு இன்றுவரை ஒருவரும் வரவில்லை. வந்து என்னைத் திட்டினால்கூடச் சந்தோஷப்பட்டிருப்பேன்.

செய்தி கேட்ட மறுநாள் பூரணியும் நானும் கமலம்மாவின் வீட்டுக்குப் போனோம். அவர் வீட்டை ஒழித்துக் கொடுக்க நம்மாலான உதவி செய்யலாம் என்ற எண்ணம். அங்கே ஒரு பாயும் தேத்தண்ணிக்கு வெந்நீர் வைக்கும் ஒரு கேத்தலும்தான் இருந்தன. மற்றதையெல்லாம் படுக்கையில் கிடந்தபடியே, எது யாருக்கு என்று பெயர் சொல்லி, கொடுத்து முடித்திருந்தார். நினைவுக்கு எடுத்துவர ஒரு பொருளும் இல்லை என்று பூரணி வழியெல்லாம் அழுதாள்.

இப்போது அவள் அந்த இரண்டாவது அறையில் சத்தமாகப் பாடம் படிக்கிறாள். கமலம்மா எனக்கு விட்டுப்போனது அந்தக் குரல்தான்.